பிணக்கணக்கும் பிணிக்கணக்கும்

(திண்டுக்கல்லில் நடைபெற்ற தனித்தமிழ் அன்பர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இங்கு வரும் வழியில் அன்பர் ஒருவர் என்னைத் தடுத்து நிறுத்தி, "ஐயா, மொழிக் கூட்டத்தில் தொழிற்சாலை நஞ்சையும் நோயையும் பற்றிப் பேசப் போகின்றீர்களாமே; அது மருத்துவர்கள் வேலையன்றோ?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். அதற்கு அங்கேயே விடை கூறாமல் வந்துவிட்டேன். நான் பேசி முடிக்கும்பொழுது அவரே விடை கூறிக்கொள்வார் என்னும் நம்பிக்கையோடு தொடங்குகின்றேன்.

1984ஆம் ஆண்டு திசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவில் போபாலில் என்ன நேர்ந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். யூனியன் கார்பைடு என்னும் அமெரிக்க நிறுவனத்தின் பூச்சிக்கொல்லித் தொழிற்சாலையிலிருந்து ஏறத்தாழ 40 டன் மெத்தில் ஐசோசயனேட்டு என்னும் நச்சுவளி வெளியேறியது. உறங்கிக் கொண்டிருந்தவர்கள் உறக்கத்திலேயே மாண்டார்கள். விழித்து ஓடியவர்கள் தெருவில் வீழ்ந்து மாண்டார்கள். அரசு முதலில் அறிவித்த சாவுக் கணக்கு 2,259. பின்னர் அது 3,787 ஆயிற்று. அதனினும் பன்மடங்கு மிகுதி என்கின்றனர் அவ்வூர் மக்கள். இவ்வெண்களைப் பற்றித்தான் நாற்பது ஆண்டுகளாக வழக்காடுகின்றனர். இதற்குப் பிணக்கணக்கு என்று பெயர்.

இன்னொரு கணக்கு உண்டு. அன்றிரவு சாகாமல் தப்பியவர்களின் நுரையீரல் என்ன ஆயிற்று? அவர்தம் கண்கள் என்ன ஆயின? அன்று தாயின் வயிற்றில் இருந்த மகவு வளர்ந்து ஆளாகி என்ன ஆயிற்று? இது பிணிக்கணக்கு. பிணக்கணக்கை ஒரு கிழமையில் எழுதிவிடலாம். பிணிக்கணக்கை எழுத ஐம்பது ஆண்டுகள் வேண்டும்; எழுதுகின்றவன் செத்தால் அவன் மகன் தொடர்ந்து எழுதவேண்டும்.

போபாலின் பிணிக்கணக்கை யார் எழுதினார்கள்? இந்திய மருத்துவ ஆய்வுக் கழகம் 1985இல் எழுதத் தொடங்கியது. 1994இல் ஏட்டை மூடிவிட்டது. ஒன்பதே ஆண்டுகள்! புற்றுநோய் போன்றவை தலைகாட்டுவதற்கே பத்தாண்டும் அதற்கு மேலும் ஆகும் என்பது மருத்துவம் படித்த சிறுவனுக்கும் தெரியும். நோய் வரும் வேளையில் ஏட்டை மூடிவைத்தார்கள். மீண்டும் அதற்கென ஓர் ஆய்வு நிலையத்தை அங்கே 2010இல்தான் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் 5 இலக்கத்திற்கு மேற்பட்ட மக்களுக்கு இழப்பீடு என்னும் பெயரில் பணம் பங்கிடப்பட்டது. 1989இல் பேசி முடித்த 47 கோடி டாலரை அத்தனை பேர்க்கும் பிரித்தால் என்ன வரும்? பெரும்பாலோர் கைக்கு முதலில் வந்தது 25,000 உருபா. நிறுவனம் கணக்கை முடித்துக்கொண்டது. உடல் முடித்துக்கொள்ளவில்லை.

2023இல் கலிபோர்னியாவிலிருந்து ஆய்வாளர் சிலர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்நச்சிரவில் போபாலைச் சுற்றியுள்ள பகுதிகளில் தாயின் வயிற்றில் இருந்த ஆண்மக்கள், பிற்காலத்தில் வேலை செய்ய இயலாத ஊனத்திற்கும் புற்றுநோய்க்கும் மற்றவரைவிட மிகுதியாக ஆளாகியிருக்கின்றனர். படிப்பிலும் பின்தங்கியிருக்கின்றனர் என்பது அவர்கள் கண்ட முடிவு. அதற்கு அவர்கள் பயன்படுத்திய ஏடு எது தெரியுமா? போபாலுக்கென்று வைத்த ஏடு அன்று. நாடு முழுவதும் குடும்பநலத்திற்காகவும் வேலைநிலையை அறிவதற்காகவும் வேறு நோக்கத்தோடு எடுத்த கணக்கெடுப்புகள். அவற்றை அகழ்ந்து அகழ்ந்து இவ்வுண்மையை எடுத்திருக்கின்றார்கள். நம் வீட்டுப் பிள்ளையின் நோயை அயலான் நம் பக்கத்து வீட்டு மளிகைக் கணக்கிலிருந்து கண்டுபிடித்தது போன்ற செய்தி இது.

போபால் தொலைவில் இருக்கின்றது என்று நினைக்கின்றீர்களா? குடகனாற்றங்கரைக்கு வாருங்கள்.

என் அக்கையை நம் ஊருக்குச் சற்று வடக்கே, குடகனாற்றை ஒட்டிய ஒரு சிற்றூரில் கொடுத்திருந்தோம். நான் சிறுவனாக இருந்தபொழுது அவர்கள் தோட்டத்துக் கிணற்றில் கவலை பூட்டி நீர் இறைப்பார்கள். கோடையிலும் வற்றாத கிணறு. வாழையும் மிளகாயும் போட்டிருந்தார்கள். மாடு இறங்கிவரும் வாரியில் நின்று இரு கையாலும் நீரை அள்ளிக் குடித்திருக்கின்றேன். பல ஆண்டுகள் கழித்து ஒருநாள் அக்கை சொன்னார்: "தம்பி, இந்தத் தண்ணீரில் பருப்பு வேகவில்லையடா." நாங்கள் பருப்பைக் குறை கூறினோம். அடுத்த ஆண்டில் வாழையின் இலையோரம் கருகிற்று. உரத்தைக் குறை கூறினோம். பின்னர்த் தொட்டியில் ஊற்றிய நீரை மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மாட்டைக் குறைகூற முடியவில்லை. இன்று அந்தக் கிணற்றின் சுவரில் வெள்ளைப் பொருக்கு ஏறியிருக்கின்றது. எந்த ஆண்டில் நீர் கெட்டது என்று அக்கையைக் கேட்டால், "சின்னவளுக்குக் காது குத்திய ஆண்டு" என்கிறார். மாமன் இல்லை, சிறுநீரகக் கோளாறு என்று மருத்துவச் சீட்டில் இருந்ததாகச் சொல்கின்றார்கள். அச்சீட்டும் இப்பொழுது இல்லை. கிணற்று நீர்தான் அவரைக் கொன்றது என்று நான் இம்மேடையில் கூறமாட்டேன். கூறுவதற்கு என்னிடம் சான்று இல்லை. சான்று இல்லாமற் போனதுதான் நான் இன்று பேசவந்த செய்தி.

இந்நஞ்சு எப்படி வந்தது? தோல் பதனிடும் தொழில் நமக்குப் புதியதன்று. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் சுண்ணாம்பும் கொண்டு தோல் பதனிட்டவர்கள் நம் முன்னோர். அக்கழிவும் நாற்றம் உடையதுதான். ஆயினும் மண் அதைச் செரித்துக்கொண்டது. 1970களில் நடுவணரசு ஒரு முடிவுக்கு வந்தது. பாதி பதனிட்ட தோலை வெளிநாட்டுக்கு விற்பதைக் கட்டுப்படுத்தி, முழுதும் முடித்த தோலையும் தோற்பொருளையுமே விற்கவேண்டும். அப்பொழுதுதான் அயல்நாட்டுச் செலாவணி பெருகும் என்றது. அதே காலத்தில் ஐரோப்பியரும் அமெரிக்கரும் தங்கள் ஆறுகள் கெடுகின்றன என்று தோலின் ஈரவேலையைத் தம் நாட்டிலிருந்து மெல்ல மெல்ல வெளியேற்றிக் கொண்டிருந்தனர். அங்கே கழித்த வேலை இங்கே வந்து சேர்ந்தது. பட்டைப் பதன் குறைந்து குரோமியப் பதன் பெருகிற்று. (குரோமியத்திற்கு நம் அறிஞர்கள் சில பெயர்கள் ஆக்கியிருக்கின்றனர், அவற்றுள் ஒன்று நிலைபெறும்வரை இப்பெயரே இருக்கட்டும். நஞ்சின் பெயர் எல்லார்க்கும் விளங்கவேண்டும்.)

ஐதராபாத்து நிலவியற்பியல் ஆய்வு நிறுவனத்தார் குடகனாற்றுப் படுகையை ஆராய்ந்து 2005இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். திண்டுக்கல்லிலும் சுற்றிலும் அப்பொழுது இயங்கிய தோல் தொழிற்சாலைகள் 80 என்றும், நாளொன்றுக்கு 200 முதல் 250 டன் தோலைப் பதனிடும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு என்றும், ஒரு டன் தோலுக்கு 30,000 முதல் 40,000 லிட்டர் கழிவுநீர் வெளிவரும் என்றும் அவர்கள் எழுதினார்கள். பெருக்கிப் பாருங்கள். ஒரு நாளைக்கு 60 இலக்கத்திலிருந்து ஒரு கோடி லிட்டர் வரை! நம் நிலமோ பாறை நிலம். மேலே சிறிதளவு மண். அதன்கீழ் வெடிப்புகளோடு கூடிய கரும்பாறை. அவ்வெடிப்புகளில் இறங்கிய உப்பு எங்கே போகும்? ஆலையை மூடினாலும் நீர் தெளிந்துவிடாது.

பொதுத் தூய்மிப்பு நிலையம் ஒன்று பின்னர் அமைந்தது. அது நடந்தது நன்று. ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நுண்ணுயிர்களைக் கொண்டு தூய்மிக்கும்பொழுது கழிவில் மக்கக்கூடிய பொருளை அவை தின்னும். கரைந்த உப்பைத் தின்னமாட்டா. தோல் அழுகாமல் இருக்கப் பச்சைத்தோலில் அள்ளிக்கொட்டுகின்ற உப்பு, தனியாகப் பிரித்து எடுக்காவிட்டால் அப்படியே நிலத்துக்கு வரும்.

இச்செய்திகள் நாம் கூச்சலிட்டுக் கூறுவன அல்ல. 1996ஆம் ஆண்டு ஆகத்து 28ஆம் நாள் இந்திய உச்ச முறைமன்றம் வேலூர்க் குடிமக்கள் மன்றம் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. சூழலைக் கெடுத்தவனே இழப்பீடு தரவேண்டும் என்னும் கோட்பாட்டை இந்நாட்டுச் சட்டமாக ஏற்றுக்கொண்ட பெருந்தீர்ப்பு அது. உலகமெல்லாம் சட்டக் கல்லூரிகளில் அதனைப் படிக்கின்றார்கள். அத்தீர்ப்பில் நம் திண்டுக்கல் மாவட்டத்தின் பெயர் இருக்கின்றது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 ஊர்களில் தன்னார்வக் குழு ஒன்று எடுத்த கணக்கும் அத்தீர்ப்பில் சொல்லப்படுகின்றது: குடிக்கவும் பாய்ச்சவும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டுவிட்டன! நான்கில் மூன்று! பெண்களும் பிள்ளைகளும் குடிநீர்க்குக் கல்தொலைவுகள் நடக்கின்றனர் என்றும் அதில் எழுதியிருக்கின்றது. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 உருபா தண்டம் விதித்தார்கள். தூய்மிப்பு நிலையம் இல்லாதவற்றை மூடச் சொன்னார்கள்.

தோழர்களே, அத்தீர்ப்பில் கிணறுகளுக்குக் கணக்கு இருக்கின்றது. நிலத்துக்கு இழப்பீடு கணக்கிட வழி சொல்லியிருக்கின்றது. அந்த 350 கிணறுகளின் நீரைக் குடித்த வயிறுகளுக்குக் கணக்கு எங்கே? அந்நீரில் குளித்த தோலுக்குக் கணக்கு எங்கே? வங்காளதேசத்தின் கடற்கரை ஊர்களில் உவர்நீர் குடிக்கும் சூல்கொண்ட பெண்களிடம் குருதியழுத்தம் மிகுந்திருப்பதை ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். நம் பொன்மாந்துறைப் பக்கத்துப் பெண்களும் உவர்நீரைத்தான் ஆண்டுக்கணக்கில் குடித்தார்கள். அவர்களைப் பார்த்து யார் எழுதினார்கள்? நகரத்துக்காரராகிய நமக்கு ஆத்தூர் அணையிலிருந்தும் பேரணையிலிருந்தும் காவிரியிலிருந்தும் நீர் வந்தது. குழாயைத் திறந்தோம், மறந்தோம்.

உள்ளே உழைத்தவர்கள் நிலையோ இன்னும் கொடியது. குரோமிய உப்பு கைபட்ட இடத்தில் ஆறாத புண்ணை உண்டாக்கும், தோல் வெடிக்கும், சிலர்க்கு மூச்சிரைப்பு வரும். குரோமியத்திலும் இருவகை உண்டு. தோலுக்கு இடுவது பெரும்பாலும் நஞ்சு குறைந்த வகை. ஆறிணைதிறன் கொண்ட மற்றொரு வகைதான் மூச்சுவழி உட்சென்றால் நுரையீரற் புற்றை விளைப்பது. உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் ஐயமறக் கூறியிருக்கின்றது. இராணிப்பேட்டையில் இவ்வகைக் குரோமிய உப்புச் செய்த ஆலை ஒன்று 1990களில் மூடப்பட்டபொழுது விட்டுச்சென்ற கழிவுக்குன்று ஏறத்தாழ ஒன்றரை இலக்கம் டன். அதே இராணிப்பேட்டையில் 2015 சனவரி 31இல் தோற்கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, உறங்கிக் கொண்டிருந்த தொழிலாளர் உட்பட 10 பேர் கழிவில் மூழ்கி மாண்டனர். பத்துப் பேரையும் செய்தித்தாள்கள் எண்ணின. முப்பதாண்டுகள் தொட்டிக்குள் இறங்கி ஏறிப் பின் வீட்டுத் திண்ணையில் இருமிச் செத்தவனை எண்ணவில்லை.

ஏன் எண்ணவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றேன். தோல் தொழிலை இழிதொழில் என்று ஒதுக்கியவர்கள் நாம். எந்தத் தெருவிலிருந்து அத்தொழிலுக்கு ஆள்கள் சென்றார்கள் என்பது இங்கிருக்கும் எல்லார்க்கும் தெரியும். ஒதுக்கப்பட்டவனின் நோயும் ஒதுக்கப்பட்டது. ஆலைமேல் மட்டும் சினந்து, அதில் உழைத்தவனையும் பகைத்துப் பேசுவோர் சிலர் நம்மிடையே இருக்கின்றனர். தமிழன் என்று சொல்லிக்கொண்டு அப்படிப் பேசுவது வெட்கக்கேடு. முதற்கணக்கு அத்தொழிலாளியினுடையதாக இருக்கவேண்டும்.

இனி, கணக்கு எழுதினால் என்ன கிடைக்கும் என்பதைச் சொல்கின்றேன்.

இரோசிமாவிலும் நாகசாகியிலும் 1945 ஆகத்தில் அணுக்குண்டு வீசினார்கள். வீசியவர்களே 1947இல் அங்கு ஓர் ஆய்வுக்குழுவை நிறுவினார்கள். அக்குழு நோயை ஆராய்ந்ததேயன்றி மருத்துவம் செய்யவில்லை. சப்பானியர் அதனை இன்றும் மறக்கவில்லை. 1975இல் அது இருநாட்டுக் கூட்டு நிறுவனமாக மாறிற்று. எப்படியாயினும் ஏட்டை மூடவில்லை. ஏறத்தாழ 1,20,000 பேரை வாழ்நாள் முழுவதும் பின்தொடர்ந்தார்கள். குண்டு வெடித்தபொழுது ஒவ்வொருவரும் எங்கே நின்றார், சுவர்க்குப் பின்னா வெட்டவெளியிலா என்பது வரை எழுதினார்கள். அதனால்தான் தெரிந்தது: குருதிப் புற்று இரண்டு மூன்று ஆண்டுகளில் தொடங்கி ஆறு முதல் எட்டு ஆண்டுகளில் உச்சம் அடைந்தது, குடல், நுரையீரல், மார்பகம் முதலிய உறுப்புகளின் புற்றோ பத்தாண்டு கழித்துத்தான் தலைகாட்டிற்று, பின்னர் வாழ்நாள் முழுதும் விடவில்லை. கதிர்வீச்சுக்கு இவ்வளவுதான் எல்லை என்று இன்று கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் வேலை செய்வார்க்கு வகுத்திருக்கும் அளவுகளெல்லாம் பெரும்பாலும் அந்த ஏட்டின்மேல் எழுந்தவை.

அந்த ஏடு இன்னொன்றும் சொல்லிற்று. குண்டில் தப்பியவர்களுக்குப் பின்னர்ப் பிறந்த பிள்ளைகள் ஏறத்தாழ 77,000 பேரை ஆராய்ந்தும், பெற்றோரின் கதிர்வீச்சால் அவர்களுக்கு வழிவழி நோய் இறங்கியதாக இதுவரை தெளிவான சான்று கிட்டவில்லை. அந்தப் பிள்ளைகளுக்குப் பெண் கொடுக்கவும் பெண் எடுக்கவும் அஞ்சி ஒதுங்கியது ஊர். ஏடுதான் அவ்வச்சத்தை மறுத்தது. நீர் கெட்ட ஊர்க்குப் பெண் கொடுக்கத் தயங்குவது நம் பக்கத்திலும் புதிதன்று. கணக்கு இல்லாத இடத்தில் முதலாளி "ஒன்றுமே இல்லை" என்பான். ஊரார் "எல்லாம் அதனால்தான்" என்பார்கள். இரண்டுக்கும் நடுவே நோயாளி சாவான்.

நம் மாவட்டத்து மேற்கு மலையில் இது கண்முன் நடந்தது. கோடைக்கானலில் 1983இல் வெப்பமானி செய்யும் தொழிற்சாலை ஒன்று வந்தது. அமெரிக்காவில் நியூயார்க்கு மாநிலத்து வாட்டர்டவுன் என்னும் ஊரில் இருந்த ஆலையை எடுத்துக் கொண்டுவந்து இங்கே நட்டார்கள். பின்னர் அது இந்துசுதான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. வெப்பமானிக்குள் இருப்பது இதள். பாதரசம் என்றால்தான் பலர்க்குத் தெரிகின்றது. இதள் என்பதே நம் பழம்பெயர். அது அறை வெப்பத்திலேயே ஆவியாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சோடு சென்று மூளையிலும் சிறுநீரகத்திலும் தங்கும். கை நடுக்கம், மறதி, ஈறு வீக்கம், சிறுநீரகக் கேடு என்று மெல்ல மெல்ல வெளிப்படும். 2001 மார்ச்சுத் திங்களில் இதள் படிந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல்லில் பழம்பொருள் கடையொன்றில் குவிந்து கிடப்பதை ஊரார் கண்டு வீதிக்கு வந்த பிறகே ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் குப்பை அவர்களிடமே திரும்பியது உலகத்தில் அரிதாக நடக்கும் செய்தி; கோடைக்கானல் மக்களை இதற்காகப் பாராட்டவேண்டும்.

ஆனால் தொழிலாளர்? தங்கள் ஆலையால் எவர்க்கும் உடல்நலக் கேடு நேரவில்லை என்று நிறுவனம் சொல்லிற்று. தொழிலாளர்களும் அவர்தம் பிள்ளைகளும் துன்புற்றமைக்கு முகத்தோற்றச் சான்று உண்டு என்று 2011இல் நடுவணரசின் தொழிலாளர் துறை சார்பில் சென்னை உயர்முறைமன்றத்தில் அறிக்கை தரப்பட்டது. பதினைந்து ஆண்டுப் போராட்டத்திற்குப் பின் 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர் 591 பேரோடு நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. அத்தனை காலமும் வழக்கு எங்கே சிக்கிக் கிடந்தது தெரியுமா? "இந்நோய் இதளால்தான் வந்தது என்று காட்டு" என்னும் கேள்வியில்! யார் எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு வேலை செய்தார், அப்பொழுது அவர் சிறுநீரில் எவ்வளவு இதள் இருந்தது என்னும் ஏடுகளெல்லாம் யாரிடம் இருக்கும்? ஆலையிடம்தானே இருக்கும். வழக்காடுகின்றவன் தன் சான்றைத் தன் எதிரியின் பேழையில் தேடவேண்டியதாயிற்று.

இங்கே சப்பானிலிருந்து இன்னொரு செய்தி. மினமாட்டா என்னும் கடற்கரையூரில் சிசோ என்னும் நிறுவனம் இதள் கலந்த கழிவைக் கடலில் விட்டது. (அது கரிமச் சேர்க்கையோடு கூடிய வேறு வகை இதள், கோடைக்கானலில் ஆவியானது தனி இதள். இரண்டையும் குழப்பக்கூடாது.) மீன் உண்ட பூனைகள் வெறிபிடித்து ஆடிச் செத்தன, பிறகு மனிதர். 1956இல் நோய் வெளிப்பட்டது. அரசு கரணியத்தை ஒப்புக்கொண்டது 1968இல். தாய்க்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. பிறந்த பிள்ளைகளோ கைகால் முறுக்கி, பேச்சின்றிக் கிடந்தன. நஞ்சு நச்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்குச் செல்லாது என்று மருத்துவ நூல்கள் அதுவரை கூறிவந்தன. அப்பிள்ளைகள் வயிற்றிலேயே நஞ்சுண்டன என்பதை எப்படி நிறுவினார்கள்? அந்நாட்டுத் தாய்மார் தம் பிள்ளையின் தொப்புள்கொடியை உலர்த்திச் சிறு பேழையில் போற்றிவைப்பது வழக்கம். அராடா என்னும் மருத்துவர் முதலானோர் அவ்வுலர்ந்த கொடிகளைத் திரட்டி அவற்றில் இதளின் அளவைக் கண்டார்கள். நிறுவனம் மறைக்கமுடியாத ஏடு தாயின் பேழையில் இருந்தது! நம் வீடுகளிலும் தொப்புள்கொடியை உலர்த்திக் குழந்தையின் இடுப்பில் கட்டுவது இருந்ததை முதியோர் அறிவர். நாம் அதை மூடநம்பிக்கை என்று சிரித்துவிட்டு வந்தோம். சிரித்தது தவறென்று நான் சொல்லவில்லை. அதன் இடத்தில் வேறெதையும் வைக்கவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

இப்பொழுது அந்த அன்பரின் கேள்விக்கு வருகின்றேன். மொழிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

467இல் 350 என்று சொன்னேனே, அத்தீர்ப்பு எந்த மொழியில் இருக்கின்றது? ஆங்கிலத்தில். எந்த ஊரார் கிணற்றைப் பற்றி அது பேசுகின்றதோ அவ்வூரார் அதைப் படித்ததில்லை. என் அக்கை ஒருத்தியைக் கேட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தன் ஊர்ப் பக்கம் இந்தியாவின் மிகப்பெரிய மன்றத்தில் பேசப்பட்டது என்பதே அவருக்குத் தெரியாது. மருத்துவச் சீட்டு ஆங்கிலத்தில். வேதியல் கலத்தின்மேல் ஒட்டிய எச்சரிக்கை ஆங்கிலத்தில். உயர்முறைமன்றத்தில் தமிழ் வழக்குமொழியாக வேண்டும் என்று 2006இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீர்மானம் இயற்றி அனுப்பியது; தில்லி இசையவில்லை. 2020இல் இதனினும் வெளிப்படையாக ஒன்று நடந்தது. தொழிற்சாலைகளுக்கு இசைவு தருமுன் சுற்றுச்சூழல் தாக்கத்தை மதிப்பிடும் விதிகளை மாற்ற நடுவணரசு ஒரு வரைவு வெளியிட்டு, மக்கள் கருத்துச் சொல்லலாம் என்றது. அவ்வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வந்தது. இருபத்திரண்டு மொழிகளிலும் பெயர்த்து வெளியிடுக என்று 2020 சூன் 30இல் தில்லி உயர்முறைமன்றம் ஆணையிட்டது. அரசு என்ன செய்தது? அவ்வாணையை எதிர்த்து உச்ச முறைமன்றம் வரை சென்றது! நஞ்சை நம் நிலத்தில் இறக்கலாம்; நஞ்சைப் பற்றிய தாளை நம் மொழியில் இறக்கக்கூடாது. இதனைவிடத் தெளிவாக நான் எப்படிச் சொல்வது?

ஆயினும் தில்லியைத் திட்டிவிட்டுக் கலைந்து போவதற்காக இக்கூட்டம் கூடவில்லை. நாமே செய்யக்கூடியது ஒன்று உண்டு; அதற்கு நம் மாவட்டத்திலேயே முன்மாதிரியும் உண்டு. ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையில் உள்ள மருத்துவ நிலையத்தில் இருபதாண்டுக்கு மேலாக ஒரு புற்றுநோய்ப் பதிவேடு இருக்கின்றது. 2000ஆம் ஆண்டில் தொடங்கி இம்மாவட்டத்துச் சிற்றூர்ப் பெண்களிடையே கருப்பைவாய்ப் புற்றுக்கான ஆய்வு ஒன்று நடந்தது. பயிற்சி பெற்ற செவிலியர் புளிக்காடி தடவிக் கண்ணால் பார்த்து அறியும் எளிய முறை. அப்படிப் பார்த்த ஊர்களில் அந்நோய் 25 விழுக்காடும் அதனால் நேரும் சாவு 35 விழுக்காடும் குறைந்ததை 2007இல் உலகத்துக்கு அறிவித்தார்கள். பதிவேடு இல்லையேல் குறைந்தது என்று எப்படித் தெரியும்? உலக நாடுகள் எடுத்துக்காட்டாகப் பேசும் அந்த ஆய்வு நம் பெண்களின் பெயர்களை எழுதியதனால் விளைந்தது. ஆனால் புற்றுநோய்ப் பதிவேடு புற்றுநோயைத்தான் எண்ணும். தோற்புண்ணையும் மூச்சிரைப்பையும் கலைந்த கருவையும் கெட்ட கிணற்றையும் எண்ணுவது அதன் பணியன்று. அது நம் பணி.

எழுதவேண்டியவை சிலவே. கிணறு யாருடையது, எத்தனை முழம், நீர் எந்த ஆண்டில் சுவை மாறியது; அந்நீரைக் குடித்த வீட்டில் யார் யார், என்ன அகவை; எங்கே எத்தனை ஆண்டு வேலை, எந்த உப்பைக் கையாண்டார்; என்ன நோய், எப்பொழுது தொடங்கியது; மகப்பேறு, கருச்சிதைவு, சாவு, அவற்றின் நாள். "காது குத்திய ஆண்டு" என்று சொன்னால் அதையும் எழுதிக்கொண்டு, அது எந்த ஆண்டு என்று அருகிருந்து கணக்கிட்டு எழுதுங்கள். மருத்துவச் சீட்டுகளைக் கிழித்தெறியாமல் ஏட்டிலேயே ஒட்டிவையுங்கள். நாளை படிக்கத் தெரிந்தவன் வருவான். தோன்றிய நோயை எல்லாம் ஆலையின் தலையில் எழுதாதீர்கள். புகையிலை இந்நிலத்துப் பயிர்; அதுவும் புற்றை விளைக்கும். புகைப்பவரா, மெல்பவரா என்பதையும் கேட்டு எழுதுங்கள். பொய்யான ஒரு வரி உண்மையான நூறு வரிகளையும் அழித்துவிடும். நோயுற்றவரின் பெயரை அவர் இசைவின்றி வெளியிடாதீர்கள்.

நிலத்தடிநீரை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எடுத்து ஆய்ந்த முடிவுகளைக் கேட்டுப் பெறுங்கள். 2005இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அவ்வப் பகுதியின் ஆட்சிமொழியிலேயே எழுதிக் கேட்கலாம். தமிழில் கேளுங்கள். ஆங்கிலத்தில் விடை வந்தால் மீண்டும் தமிழில் கேளுங்கள். தமிழில் வரும்வரை கேளுங்கள். இங்கு அமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்கள் கோடை விடுமுறையில் ஊர்க்கு ஒருவராகப் பொறுப்பேற்றால், அந்தப் 13 ஊர்களையும் இரண்டு கோடையில் எழுதி முடிக்கலாம். வேதியலும் மருத்துவமும் படித்த இளைஞர்கள் அச்சொற்களைத் தமிழில் எழுதிப் பழகவும் இஃது இடம்.

மேடைக்கு இடப்பக்கம் மிசையின்மேல் இருபது குறிப்பேடுகள் வைத்திருக்கின்றேன். அச்சுக்கூடத்துத் தோழர் கோடு போட்டுத் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். ஊர்ப்பெயரைச் சொல்லி ஆளுக்கொன்று எடுத்துச் செல்லுங்கள். முதல் ஏட்டில் என் அக்கை வீட்டுக் கிணற்றை நேற்றிரவு எழுதிவிட்டேன். மாமன் பெயருக்கு நேரே நோய் என்னும் கட்டத்தில் "சிறுநீரகக் கோளாறு, சீட்டு இல்லை" என்றுதான் எழுத முடிந்தது.